தலையெழுத்தும் தமிழெழுத்தும்

"அவனுக்கு ஏறாது!"

நம் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களில் நாள்தோறும் ஒலிக்கும் தீர்ப்பு இது. கட்டம் பார்த்துப் பலன் சொல்லும் சோதிடன்கூடப் பரிகாரம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் தட்சிணையை மடியில் முடிகிறான். பரிகாரம் பொய்; ஆனாலும், பரிகாரம் உண்டு என்றாவது சொல்கிறான்! மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பலன் சொல்லும் நம் கல்வி உலகமோ, 'மெல்லக் கற்போர்' என்று தலைப்பிட்ட ஏட்டில் பெயரை எழுதுகிறது. அந்த ஏட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறது. பூட்டிய பின் கையைத் தட்டிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போகிறது.

பிறந்த நாழிகையைக் கொண்டு வாழ்வை அளப்பவனிடம் 'சான்று எங்கே?' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கேள்வியை வகுப்பறை வாசலிலும் கேட்டாக வேண்டும். ஒரு குழந்தையின் வாசிப்பைச் சோதித்தோம். எண் ஒன்று கிடைத்தது. அந்த எண்ணைக் கொண்டு மறுநாள் காலைப் பாடத்தில் எதை மாற்றினோம்? எதையும் மாற்றவில்லை என்றால், அந்த எண்ணுக்கும் ஜாதகக் கட்டத்துக்கும் வேறுபாடு என்ன?

நிலைமை சிறிதன்று. 'ஏசர்' என்னும் கணக்கெடுப்பு 2005 முதல் இந்திய ஊரகப் பகுதிகளில் வீடு தேடிச் சென்று குழந்தைகளின் வாசிப்பைப் பார்த்து வருகிறது. முறை எளியது. எழுத்துகள், சொற்கள், சிறு பத்தி, சிறு கதை ஆகியவை அச்சிட்ட ஒரு தாளைக் குழந்தையின் முன் வைத்து, எதுவரை படிக்கிறது என்று கேட்பது, அவ்வளவே. 2018இல் தமிழ்நாட்டு ஊரகத்தின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்பு நிலைப் பாடத்தைப் படிக்க முடிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்துக்குப் பின் 2022இல் பார்த்தபோது 5 பேர்கூட இல்லை. அக்கணக்கெடுப்பின் முறை பற்றி வாதிடுவோர் உண்டு. வாதிடட்டும்! எண்ணிக்கை ஐந்தா பதினைந்தா என்ற வழக்கு தீரும்வரை எந்தக் குழந்தையும் காத்திருக்காது. அடுத்த ஜூன் மாதம் அடுத்த வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இதைச் சொன்னதும், 'எல்லாரையும் தேர்ச்சி போட்டதன் விளைவு பார்த்தீரா!' என்று துள்ளிக் குதிக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. முதலில் அவர்களுக்கு விடை கூறிவிடுவோம்.

1953இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. நாடு கொதித்தது; 1954இல் திட்டம் மடிந்தது. அதன் பெயர் குலக்கல்வி. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று ஓர் ஆணை வந்தது. மீண்டும் எதிர்ப்பு எழுந்தது; 2020 பிப்ரவரியில் அந்த ஆணையும் கைவிடப்பட்டது. அன்று முன்வாசலில் நிறுத்திப் பார்த்தனர். பின்னர்ப் பின்வாசலில் நிறுத்திப் பார்த்தனர். பத்து வயதுப் பிள்ளை தேர்வில் தோற்றால் யார் வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்? தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வீட்டுப் பிள்ளையா, செங்கல் சூளையில் அம்மாவுக்குக் கைகொடுக்கும் பிள்ளையா? போகட்டும், தோற்றவனை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்தால் என்ன நடக்கும்? புரியாத பாடத்தைப் புரியாத முறையிலேயே மறுமுறை கேட்பான். காது கேளாதவனிடம் அதே சொல்லை இரண்டாம் முறை சொல்வதற்கு மருத்துவம் என்று பெயரில்லை. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் தேக்கி வைக்கும் முறைக்குக் கதவைத் திறந்தபோது, தமிழ்நாடு அவ்வழியில் செல்லாது என்று அறிவித்தது. அதில் நமக்கு முழு உடன்பாடு.

ஆனால் நம் தோழர்களிடமும் ஒரு சொல் உண்டு. சற்றுக் கசப்பான சொல்.

தேர்வை எதிர்ப்பது வேறு, தெரிந்துகொள்வதை எதிர்ப்பது வேறு. இவ்விரண்டையும் நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே 'வடிகட்டும் சூழ்ச்சி' என்று முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். வடிகட்டலைத் தடுத்தோம், சரி. தடுத்து உள்ளே உட்கார வைத்த பிள்ளை படிக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் யார்? எட்டு ஆண்டு பள்ளியில் இருந்துவிட்டுப் பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்ட முடியாமல் நிற்கும் பெண்ணுக்குச் சமூகநீதி என்னவாகப் பொருள்படும்? வைதிகன் அவளை வாசலில் தடுத்தான். நாம் உள்ளே விட்டுவிட்டு மறந்துவிட்டால், அவன் செய்த வேலையில் மீதியை நாம் செய்தவர்களாவோம்.

தெரிந்துகொள்ளும் முயற்சியே இல்லை என்பதல்ல. நம் பள்ளிகளில் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. 'வளரறி' — எவ்வளவு அழகான சொல்! வளரும்போதே அறிதல். விதை ஊன்றிய பின் இலை வாடுகிறதா என்று உழவன் அன்றாடம் பார்ப்பது போன்ற பார்வை. ஆனால் அந்தப் பார்வைக்கும் 40 மதிப்பெண் என்று விலை கட்டிய அன்றே அது பாழ்பட்டது. மதிப்பெண் என்று வந்துவிட்டால் குறைக்க மனம் வராது; குறைத்தால் விளக்கம் கேட்பார்கள்; ஆகவே எல்லாருக்கும் முப்பத்தைந்து, முப்பத்தாறு. வாடிய இலைக்கும் பச்சை வண்ணம் பூசியாயிற்று!

மதிப்பெண் எதை மறைக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போம். நான்காம் வகுப்பில் மூன்று பிள்ளைகள். தமிழ்த் தேர்வில் மூவருக்கும் 60க்கு 14. ஏட்டில் மூவரும் ஒரே இனம்: மெல்லக் கற்போர்.

முதல் பையன் முன் 'பட்டம்' என்ற சொல்லை வைத்தால் 'ப, ட், ட, ம்' என்று ஒவ்வோர் எழுத்தையும் பிழையின்றிச் சொல்கிறான். 'சேர்த்துச் சொல்' என்றால் விழிக்கிறான். எழுத்துகளை அறிந்தவனுக்கு எழுத்துக்கூட்டல் கைவரவில்லை. இரண்டாமவன் சொல்லைப் பார்ப்பதே இல்லை, படத்தைப் பார்க்கிறான். படத்தில் படகு இருந்தால், கீழே 'ஓடம்' என்று அச்சிட்டிருந்தாலும் 'படகு' என்று உரக்கப் படிக்கிறான். அவன் இதுவரை படித்ததெல்லாம் மனப்பாடம் என்பது அந்த ஒரு சொல்லில் வெளிப்பட்டுவிடுகிறது. மூன்றாமவள் மளமளவென்று ஒரு பக்கம் படித்து முடிக்கிறாள். 'மாடு ஏன் மிரண்டது?' என்று கேட்டால் விடையில்லை. பீகாரிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த தொழிலாளியின் மகள் அவள். தமிழெழுத்தை ஓராண்டில் கற்றுக்கொண்ட அறிவாளி! 'மிரண்டது' என்ற சொல்லைத்தான் அவளிடம் யாரும் பேசியதில்லை.

வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் என்று 1986இல் கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் எழுதினர். கூட்டல் அன்று, பெருக்கல்! ஒன்று சுழியானால் விடையும் சுழி. முதல் இருவருக்கு ஒரு பக்கம் பழுது; மூன்றாமவளுக்கு மறுபக்கம். அவளை உட்கார வைத்து 'அ, ஆ' எழுதச் சொல்வது மடமை. முதல் பையனிடம் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுவே. ஆனால் 14 என்ற எண் மூவருக்கும் ஒரே மருந்தைத்தான் எழுதித் தருகிறது: 'பத்து முறை எழுதி வா!'

தமிழெழுத்து தன் தடைக்கற்களைத் தானே காட்டும். 247 எழுத்தையும் நெட்டுருப் போட்டவன் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் நமக்கு முன்பே தெரிந்தவைதாம். கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கிறது; அதன் ஒலியோ பின்னே வருகிறது. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு, 'செடி' 'சேடி'யாகிவிடும். ஒரே 'க' 'கடல்' என்பதில் ஓர் ஒலி, 'தங்கம்' என்பதில் வேறோர் ஒலி, 'பகல்' என்பதில் இன்னோர் ஒலி. ஒரு பிள்ளை உரக்கப் படிக்க, ஆசிரியர் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, சரியாகப் படித்த சொல்லுக்கு ஒரு கோடும், தவறாகப் படித்ததற்கு அது சொன்னபடியே சொல்லும் எழுதி வந்தால், ஐந்து நிமிடத்தில் இந்த இடங்கள் எல்லாம் வரைபடம் போல் விரியும். நியூசிலாந்தின் மேரி கிளே இவ்வகைப் பதிவைப் பள்ளிகளில் பரப்பினார். அதற்கு மதிப்பெண் வேண்டியதில்லை. எந்தச் சொல்லில், எப்படித் தவறியது என்பதே கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. சென்னைப் பிள்ளை 'வாயப்பயம்' என்கிறது. தெற்கத்திப் பிள்ளை 'வாளப்பளம்' என்கிறது. தாளில் 'வாழைப்பழம்' என்றிருப்பதைக் கண்டு தன் நாவில் அது எப்படிப் புரளுமோ அப்படிச் சொன்ன பிள்ளை, படித்துவிட்டது! அதைப் பிழை என்று குறிப்பவர் அளப்பது வாசிப்பை அன்று; குழந்தை பிறந்த தெருவை அளக்கிறார். நாக்கைப் பார்த்துத் தகுதி சொல்லும் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இவ்வேட்டின் வாசகருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

கற்பவன் இடறினால் கல்லைப் பார் என்ற அறிவு நம் இயக்கத்துக்குப் புதியதன்று. யானைத் துதிக்கைபோல் வளைந்து நின்ற 'லை', 'னை' வகை எழுத்துகளைப் பெரியார் 1935இல் 'குடி அரசு' ஏட்டில் மாற்றி அச்சிட்டார். கற்கவும் அச்சுக் கோக்கவும் எளிது என்பது அவர் காட்டிய காரணம். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978இல். இடையில் 43 ஆண்டுகள்! குழந்தையின் மண்டையில் குறை காணாமல் எழுத்தின் வடிவில் குறை கண்ட அந்தக் கண்தான், இன்று மதிப்பீட்டை நடத்துவோருக்கு வேண்டியது.

அந்தக் கண் இல்லாதவர் கையில் அளவுகோல் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சிலிருந்து ஒரு வரலாறு உண்டு. பாரிசுப் பள்ளிகளில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனி உதவி தருவதற்காக ஆல்பிரட் பினே, சீமோன் என்பவரோடு சேர்ந்து 1905இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். அறிவு பிறப்பிலேயே நிலைத்துவிட்ட அளவு, அதைக் கூட்ட முடியாது என்ற கருத்தை 1909இல் வெளியிட்ட நூலில் அவர் கடுமையாக மறுத்தார். பயிற்சியால் கவனமும் நினைவும் வளரும் என்றார். அதற்கான பயிற்சிகளையும் வகுத்தார். 1911இல் மறைந்தார். பிறகு? அளவுகோல் கடல் கடந்து அமெரிக்கா போயிற்று. அங்கே காடார்டும் டெர்மனும் அதை எடுத்து, அறிவு பரம்பரைச் சொத்து என்று நிலைநாட்டப் பயன்படுத்தினர். குடியேற வந்த ஏழைகளின் நெற்றியில் 'மந்த புத்தி' என்று முத்திரை குத்த அது உதவிற்று. கைகொடுக்கச் செய்த கருவி கழுத்தைப் பிடித்தது! ஒரே கேள்வித்தாள்தான். கேட்டவரின் நோக்கம் மாறிற்று. விடையின் பொருளும் மாறிற்று. மனு எழுதாத மனுநீதி அங்கேயும் முளைத்தது.

சரி, நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். அளந்து அறிவித்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஆய்வே சான்று. உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 ஊர்களில், 2005-06 அளவில், மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்தனர். சில ஊர்களில் பள்ளி பற்றிய விவரங்களையும் உரிமைகளையும் மக்களைக் கூட்டி எடுத்துரைத்தனர். சில ஊர்களில் அதற்கு மேலும் ஒரு படி சென்று, குழந்தைகளின் வாசிப்பை ஊராரே சோதித்து அறிக்கை தயாரிக்கக் கற்றுத் தந்தனர். மூன்றாம் வகை ஊர்களில் இவற்றோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிப்புக் கற்பிக்கும் எளிய முறையையும் பயிற்றினர். முதல் இரண்டு வகை ஊர்களில் பயன் ஏதும் தெரியவில்லை. மூன்றாம் வகையில், இளைஞர் நடத்திய வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகள் படிக்க முன்னேறினர். ஆந்திர ஊரகப் பள்ளிகளில் நடந்து 2010இல் வெளியான மற்றோர் ஆய்வும் இதையே சொல்கிறது. மாணவரின் நிறை குறைகளை விளக்கும் விரிவான அறிக்கைகளை ஆசிரியர்களுக்குத் தந்தார்கள். ஆண்டு முடிவில் அப்பள்ளி மாணவர், அறிக்கை பெறாத பள்ளி மாணவரைவிட ஓர் அடிகூட முன்னே இல்லை. பார்வையாளர் வந்து நின்றபோது ஆசிரியர்கள் சற்றுச் சுறுசுறுப்பாக இருந்தார்களாம்! (கல்வி அதிகாரியின் வண்டி வரும் நாளில் எந்தப் பள்ளிதான் சுறுசுறுப்பாக இருப்பதில்லை?)

ஆய்வு சொல்வது இதுதான்: நோயின் பெயரை எழுதிய சீட்டு நோயைத் தீர்ப்பதில்லை. 2001 முதல் 2003 வரை வதோதராவிலும் மும்பையிலும் என்ன நடந்தது? மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கியவர்களைச் சோதித்துக் கண்டு, அதே பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் பள்ளி நேரத்திலேயே நாளுக்கு இரண்டு மணி, பதினைந்து இருபது பேர் கொண்ட குழுவாக, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கற்பித்தார். பெரிய பட்டம் பெற்றவர் அல்லர், சம்பளமும் சிறிது. பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். இந்த ஆய்வில் பங்கேற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் இருவர். 

தமிழ்நாட்டிலும் சான்றுண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தனர். ஊரகத்தில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, தொற்றுக்காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது என்றும், மீண்டதில் ஏறத்தாழ கால் பங்கு அம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டது. ஏழைப் பிள்ளைகளே கூடுதல் பயன் பெற்றனர். 'ஏறாது' என்றவர்களுக்கு அந்தத் திண்ணைகள் விடை சொல்லிவிட்டன.

2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இன்னும் ஒரு படி மேலே. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளைப் பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வகுப்புகளுக்கு வந்த 'திறன்' திட்டமும் அடிப்படைச் சோதனையிலிருந்தே தொடங்குகிறது. கருத்தை நாம் மனமார வரவேற்கிறோம். நம் திறனாய்வு நடைமுறை பற்றியது.

அரும்பு மொட்டாகவும், மொட்டு மலராகவும் வேண்டும், அதற்காகத்தான் அப்பெயர்கள். ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால், அது நிலை அன்று, வருணம்! குழு என்பது நான்கு வாரத்துக்கு ஒருமுறை கலைத்துக் கட்டப்பட வேண்டிய கூடாரம். சுவர் எழுப்பிவிட்டால், வகுப்பறைக்குள் ஒரு சேரி உருவாகும். 'நீ அரும்புதானே!' என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை எள்ளும் நாளில் ஆசிரியர் தலையிடாவிட்டால், உருவாகியே விட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. தரவு மேல் நோக்கியே பயணம் செய்கிறது. ஆசிரியர் கைபேசியில் பதிவேற்றுகிறார். வட்டாரம் பார்க்கிறது, மாவட்டம் பார்க்கிறது, தலைநகரம் பார்க்கிறது. வண்ண வண்ணமாய் வரைபடம் எழுகிறது. இணையம் தடுமாறும் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில், பதிவேற்றும் பொழுது எந்தப் பொழுதிலிருந்து களவாடப்படுகிறது? எழுத்துக்கூட்டத் தெரியாத பையனுக்குக் கொடுக்க வேண்டிய அரை மணியிலிருந்து! அவனைப் பற்றிய தகவலைச் சேகரிப்பதற்காக அவனுக்கான பாடம் நின்று போவதைவிடப் பெரிய நகைச்சுவை உண்டா? மேலே போன தரவு கீழே திரும்பும்போது என்னவாக வருகிறது? 'உங்கள் பள்ளி ஏன் பின்தங்கியுள்ளது?' என்ற கேள்வியாக வருகிறது. கேள்விக்கு அஞ்சிய ஆசிரியர் அடுத்த முறை எண்ணைச் சற்று உயர்த்தி எழுதுவார். அவரை நாம் பெரிதும் குறைகூற மாட்டோம். தண்டனைக்கு அளவுகோலைப் பயன்படுத்தினால் அளவுகோல் வளையும். கணக்கு மேலே போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளியையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்தாமல், எந்தப் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் வேண்டும், எங்கே புத்தகம் வேண்டும் என்று பார்ப்பதற்காகப் போகட்டும். முழு விவரமும் இருக்க வேண்டிய இடம் ஆசிரியரின் மேசை.

இதில் இளைஞருக்கு வேலை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஏடு படித்துக் காட்டிய படிப்பகங்களில் வளர்ந்த இயக்கம் நம்முடையது. பல ஊர்களில் அந்தப் படிப்பகங்களின் கட்டடம் இன்னும் நிற்கிறது. மாலையில் திறந்து பெருக்கினால் பத்துப் பிள்ளைகள் உட்காரலாம். வேண்டியது ஒரு கோடு போட்ட நோட்டு. பெயர், தேதி, எதைப் படித்தது, எந்தச் சொல்லில் தடுக்கியது, அதற்காக நாளை என்ன கற்பிக்கப் போகிறோம். இந்தக் கடைசிப் பத்தியை நிரப்ப முடியாவிட்டால் அன்று சோதித்ததில் பொருளில்லை. பள்ளியின் தமிழாசிரியரை அழைத்துக் கேட்க வேண்டும். நான்கு வாரம் கழித்து அதே பிள்ளை, அதே அளவு கடினமான வேறு பத்தி. நோட்டைப் பிள்ளையின் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தவிர வேறு யாருக்கும் காட்டலாகாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அக்குழுவின் கூட்டத்தில் சுற்றுச்சுவரும் குடிநீர்த் தொட்டியும் பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவையே. அடுத்த கூட்டத்தில் தோழர்கள் இதையும் கேட்டுப் பார்க்கட்டும்: ஆடியில் எழுத்துக்கூட்ட இயலாதவர் என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் ஐப்பசியில் அப்பட்டியலில் இல்லை? மீதியுள்ளவருக்கு எந்த ஆசிரியர், எந்த மணி நேரத்தில், எதைக் கற்பிக்கிறார்? விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளட்டும்.